ரகுராமன் ஆடாத சீசன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஒரு பயிற்சியாளரை அழைத்து வருவதற்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து சென்னைக்குப் போனேன்.
2. அவர் வரத் தயாராக இருந்தார்.
3. முதல் டிவிஷன் லீகில் மூன்று சீசன் ஆடியதற்குச் சான்று தேவைப்பட்டது. அவரிடம் இரண்டுக்குத்தான் இருந்தது.
4. மூன்றாவது சீசனையும் அவர் ஆடியிருந்தார், வேறொருவர் பெயரில்.
5. அந்தப் பெயரை நான் கண்டுபிடித்தேன்.
6. கண்டுபிடித்ததை எழுதிக் கொடுத்தேன்.

ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு எண் போட்டுப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். இந்த முறை உரியவர்களைக் கேட்டுவிட்டு.

என் வேலை ஆட்டங்களின் வீடியோவை வெட்டி ஆராய்வது. படித்தது மின்னணுப் பொறியியல். பந்து எங்கே பறிபோனது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன். சட்டையின் எண் தெரியாத கோணத்தில் முகமும் தெரியாது. அப்போது ஆள் நிற்கிற விதத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இதில் நான் தவறியதில்லை என்று எங்கள் கிளப்பில் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சென்னையில் இறங்கினேன். எங்கள் குடும்பத்தில் இந்த ஊரைப் பார்த்த முதல் ஆள் நான்தான். தமிழ் பேசுகிற ஊர், பாஷைக் கஷ்டம் இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆட்டோக்காரர் நான் இரண்டு வாக்கியம் பேசியதும் கண்ணாடியில் பார்த்து, “இன்னாம்மா, சிலோனா?” என்றார். மலேசியா என்றேன். அவருடைய மச்சான் அங்கே ஆறு வருஷம் இருந்ததாகவும், திரும்பி வந்தவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றும் சொன்னார். அதற்கு நானும் ஒருவகையில் பொறுப்பு என்பது போல இருந்தது அவர் குரல்.

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தகர வேலி போட்டுத் தெருக்களைத் துண்டாக்கி வைத்திருந்தார்கள். என் விடுதி கண்ணுக்கெதிரே தெரிந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர மூன்று முறை சுற்ற வேண்டியிருந்தது. கடைசியில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் ஒரு ஹோட்டலில் ரவா தோசை. எதிரே வந்து உட்கார்ந்த அம்மாள், ‘இங்கே உட்காரலாமா’ என்று என்னைக் கேட்கவில்லை; என் சட்னி தீர்ந்துவிட்டது என்று எனக்காகச் சர்வரிடம் சண்டை போட்டார். ஈப்போவில் அப்படி இல்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சாந்தோமில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போனேன். புல் கிடையாது, செம்மண். கடல் காற்றில் கோல் வலை வீங்கி வீங்கி அடங்கியது. பதினெட்டுப் பெண்கள் தடுப்பாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், இடது காலில் முழுக் கனத்தையும் போட்டு, வலது முழங்காலைச் சற்று மடக்கி, எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருப்பவர் போல நின்றார். அவர்தான் மரியதாஸ். நான் அழைத்துப் போக வந்த பயிற்சியாளர்.

“இன்னாடி, பந்து உன் மாமியாரா? எட்ட நின்னே பாத்துக்கினு கீற. கிட்ட போ” என்று ஒரு பெண்ணிடம் சொன்னார். அவள் கிட்டப் போனாள். அடுத்த முறை அவர் சொல்லாமலே போனாள்.

எங்கள் கிளப் செயலாளர் வாலிபத்தில் முன்வரிசை ஆட்டக்காரர். ஈப்போவுக்கு ஆட வந்த ஒரு சென்னை அணியில் இருந்த தடுப்பாட்டக்காரனை ஒரு சாயங்காலம் முழுக்கத் தன்னால் தாண்ட முடியவில்லை என்று இன்றும் சொல்வார். அந்த ஆள்தான் தாஸ். பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு அணிகள், பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில். எதிலும் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சீசனுக்குக் கூப்பிடுவார்கள், ஆடுவார், சீசன் முடிந்தால் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு பயிற்சியாளர் ஆனார். அதுவும் வருஷா வருஷம் பள்ளி கூப்பிட்டால்தான்.

பயிற்சி முடிந்ததும் என்னை ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போய் இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தார். வடகறி எங்கள் ஊரில் கிடையாது. உடைத்த வடையைக் குழம்பில் போட்டது போல இருந்தது; முதல் வாயில் சந்தேகம், மூன்றாவது வாயில் இன்னொரு கிண்ணம் கேட்டேன். அவருக்கு அதில் சந்தோஷம். ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து தன் காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். நான் என் பட்டியலை எடுத்தேன். கடவுச்சீட்டு, பயிற்சியாளர் சான்று, மருத்துவச் சான்று, பள்ளியின் கடிதம், எல்லாம் இருந்தன. முதல் டிவிஷன் சீசன்: இரண்டு.

எங்கள் கிளப் விதிப்படி மூன்று வேண்டும் என்றேன்.

“மூணாவதும் ஆடிக்கீறேன் மேடம். பேர்தான் வேற.”

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பழைய அணி மாற்றல் கடிதம் கொடுக்காமல் இழுத்தடித்தால், புது அணியில் காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன் பெயரில் இறங்கிவிடுவார்களாம். அப்போது ஆட்டக்காரர் அட்டையில் படம் கிடையாது. மானேஜர் பெயர்ப் பட்டியலை நீட்டுவார், நடுவர் தலையை எண்ணுவார். எல்லா அணியும் செய்ததுதான், யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

யாருடைய பெயர் என்று கேட்டேன்.

“அது எதுக்கு மேடம் இப்போ?” என்று தண்ணீர் குடித்தார். பிறகு பேச்சை மாற்றி, ஈப்போவில் மழை எப்படி, செயற்கைத் தரை எந்த நிறம், பெண்கள் பயிற்சிக்கு நேரத்தோடு வருவார்களா என்று விசாரித்தார். தன் மனைவியிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் அடையாறில் தான் செய்துவரும் வேலையை விடுவதற்கு யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். “ஒரு டீம்ல அடுத்த வருஷமும் நான் இருப்பேன்னு தெரிஞ்சிக்கினு வேல செஞ்சதே இல்ல, மேடம். அது எப்டி இருக்கும்னு ஒருவாட்டி பாக்கணும்.”

என் குறிப்பேட்டில் அன்று எழுதியது இது: ‘மூன்றாவது சீசன் – பெயர் தெரியவில்லை – கண்டுபிடிக்க வேண்டும்.’ அவர் சொல்ல விரும்பவில்லை என்பதை நான் எழுதவில்லை. விடுபட்ட தகவல் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை தி. நகருக்குப் பேருந்தில் கிளம்பினேன். தகர வேலிக்கு எந்தப் பக்கம் நின்றால் எந்தத் திசைப் பேருந்து வரும் என்று தெரியாமல் ஏறியதில் அடையாறு போய்ச் சேர்ந்தேன். நடத்துநரிடம் காசு நீட்டினேன். பெண்களுக்கு இலவசம் என்றார். நான் வெளிநாட்டுக்காரி என்று விளக்கினேன். “எந்த ஊரா இருந்தா இன்னாம்மா, நீ பொம்பளதான?” என்று கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: ‘தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டுக் காசு வேறு கொடுக்கிறேன் என்கிறாள், நல்ல குடும்பத்துப் பெண்.’

லீக் நடத்துகிற சங்கத்தின் பதிவறை ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. பொறுப்பாளர் சண்முகம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவர். மலேசியாவிலிருந்து ஒரு பெண் பழைய ஸ்கோர் புத்தகம் பார்க்க வந்திருக்கிறாள் என்பதில் அவருக்கு ஆச்சரியம். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

தாஸின் இரண்டு சீசன்களும் அவர் சொன்னபடியே இருந்தன. அவற்றுக்கு அடுத்த வருஷப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அந்த வருஷம் வென்ற அணியின் படம் பின் அட்டையில் ஒட்டியிருந்தது. பின்வரிசையில் இடமிருந்து நான்காவது ஆள் மீசை இல்லாத இளைஞன். முகத்தை நான் பார்க்கவே இல்லை. இடது காலில் முழுக் கனமும், வலது முழங்கால் சற்று மடங்கியும் நின்றான். கீழே அச்சாகியிருந்த பெயர்: ஆர். ரகுராமன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்குத்தானே நான் பயின்றிருக்கிறேன். பதிவைத் திருத்தக் கோரிக்கை கொடுக்க என்ன படிவம் என்று கேட்டேன்.

சண்முகம் படத்தையும் என்னையும் பார்த்தார். “எழுதாதம்மா. வாயில சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்.”

வாயால் சொன்னால், சான்றுகளைச் சரிபார்க்கும் எங்கள் மாநில ஹாக்கிச் சங்கம் ஏற்காது என்று விளக்கினேன். எங்கள் வேலையில் பிழை அறிக்கைக்கு மூன்று பகுதி உண்டு. பதிவில் இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, ஆதாரம் என்ன. மூன்றையும் தெளிவாக எழுதினேன். படத்தில் நிற்பவர் மரியதாஸ், ரகுராமன் அல்ல என்று கையெழுத்துப் போட்டேன். சண்முகம் மறுபடியும் ஒருமுறை, “யோசிச்சுக்கம்மா” என்றார். பெறப்பட்டது என்று முத்திரை குத்தச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். கீழே இறங்கி ஒரு கரும்புச்சாறு குடித்தேன். அந்தப் பயணத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த கால் மணி நேரம் அதுதான். அதை நினைக்கும்போது இன்றும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் தாஸிடம் சொன்னேன். படத்தை வைத்து எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் விவரித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பெண்களை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். அவர்கள் இரண்டு சுற்று முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரகு இன்னும் ஆபீஸ்லதான் கீறான், மேடம். ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி கீது.”

பிறகுதான் எனக்கு முழுக்கதையும் சொன்னார். ரகுராமன் அந்த அணியில் முறையாகப் பதிவான ஆட்டக்காரர். சீசன் தொடங்குமுன் முழங்கால் போய்விட்டது. தாஸ் அவர் பெயரில் எல்லா ஆட்டமும் ஆடினார். அணி கோப்பையை வென்றது. கோப்பை வென்ற அணியின் ஆட்டக்காரர்களுக்கு ஓர் அரசு நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தது. மானேஜர் பெயர்ப் பட்டியலை அனுப்பினார். பட்டியலில் ரகுராமன் இருந்தார், தாஸ் இல்லை. ரகுராமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கால் போயிருந்தது, வேறு வேலை இல்லை. என் காகிதம் சரி என்றால் அவர் வேலைக்குச் சேர்ந்ததே தவறு என்றாகிவிடும்.

நான் அப்போதே சங்கத்துக்கு ஓடப் பார்த்தேன். தாஸ், முதலில் ரகுவைப் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் அவர் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஆட்டோவில் கிளம்பினோம். மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்குப் பின்னால் அவர் வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. ஓட்டுநர் ஒரு சந்தில் நுழைந்து, எதிரே வந்த தண்ணீர் லாரியோடு பத்து நிமிஷம் வழக்காடி, கடைசியில் பின்னோக்கியே தெரு முழுக்க ஓட்டினார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ரகுராமனின் மனைவி வசந்தா கதவைத் திறந்தார். “வாங்கோ, ஆத்துலதான் இருக்கார்.” சொன்ன விதத்திலேயே விஷயம் வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது. சண்முகம் மத்தியானமே தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். முத்திரை விழுந்த காகிதத்தின் நகலை ஆட்டக்காரரின் அலுவலகத்துக்கு அனுப்புவது விதி. திங்கட்கிழமை வரை அனுப்பாமல் வைத்திருக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சொன்னாராம்.

ரகுராமன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாஸைப் பார்த்ததும், “வாடா ஒரிஜினல்” என்றார்.

“நல்லாகீறியா, டூப்ளிகேட்டு?”

இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் போல. இரண்டு பேரும் சிரித்தார்கள், வழக்கத்துக்காக. வசந்தா காபி கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அதைக் கோப்பி என்போம். பெரிய கோப்பையில் வரும். இது சின்ன டம்ளரில் நுரையோடு வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. ஆறிப்போனதை வசந்தா எடுத்துக்கொண்டு போய் வேறு சூடாகக் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“இந்தப் பொண்ணு எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லையே” என்றார் ரகுராமன். “நான் ஒரு மேட்ச்கூட ஆடலை. நானும் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடறேண்டா. நீ கிளம்பு. எத்தனை வருஷம் இதை வெச்சுண்டு உட்காந்திருக்கறது?”

வசந்தா அவர் பக்கம் திரும்பவில்லை. தாஸைப் பார்த்துச் சொன்னார்: “இவர் எழுதிடுவார். எனக்குத் தெரியும். அப்பறம் பென்ஷன் கிடையாது, இந்த வீடும் நிக்காது. உங்களுக்கு நான் என்ன சொல்றது? உங்களுக்குக் கெடைக்க வேண்டிய வேலைலதான் இத்தனை வருஷம் சாப்பிட்டோம்.”

நான் மூன்று வழிகள் சொன்னேன். ஒன்று, ரகசியமாக ஒரு கடிதம். ரகசியக் கடிதத்தையும் எங்கள் மாநிலச் சங்கம் இங்கே அனுப்பிச் சரிபார்க்கும். இரண்டு, வேறு ஏதாவது முதல் டிவிஷன் ஆட்டம். தேடிவிட்டேன், இல்லை. மூன்று, இரண்டு சீசனே போதும் என்று எங்கள் கிளப்பை ஒத்துக்கொள்ள வைப்பது. வாசலுக்கு வந்து செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “எனக்கு அவர்தான் வேண்டும். ஆனால் மூன்று என்றால் மூன்று. அந்த விதியைப் போன வருஷம் கிளப் குழுவுக்கு எழுதிக் கொடுத்ததே நீதானே, மறந்துவிட்டாயா?”

மறக்கவில்லை. தரம் என்ற தலைப்பில், நான்காவது பத்தி. மூன்று என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

உள்ளே திரும்பியபோது அவர்கள் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால், தாஸ் முடிவு செய்துவிட்டிருந்தார். ரகுராமன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போய் எழுதிக் குடுத்துரலாம் மேடம்” என்றார் தாஸ். “நீங்க, ஆள் தப்பா பாத்துட்டேன்னு. நான், ஆடவே இல்லன்னு.”

சனிக்கிழமை பதிவறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. சண்முகம் இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்தார். புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்று, சம்பந்தப்பட்டவரும் மறுத்துவிட்டால் ஃபைலை அத்தோடு மூடிவிடலாம் என்றார்.

தாஸின் கையெழுத்து அழகாக இருந்தது, பள்ளிக்கூடப் பையன் எழுதியது போலத் தனித்தனி எழுத்தாக. பாதியில் நிறுத்தினார்.

“அந்த சீசன் நான் எங்க இருந்தேன்னு போடணுமா சார்?”

“வீட்ல இருந்தேன்னு போடு.”

‘அந்த சீசனில் நான் எந்த அணிக்கும் ஆடவில்லை. வீட்டில் இருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். சண்முகம் தாளை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ஃபைனல்ல நீ அடிச்ச ரெண்டு கார்னர் கோலையும் இந்தக் கையாலதாம்ல எழுதினேன்” என்றார், தாளைப் பார்த்தபடியே. இரண்டாவது கொஞ்சம் சுற்றிப் போன பந்து, கோல்கீப்பர் இடம் மாறாமல் நின்றிருந்தால் பிடித்திருப்பான் என்றார் தாஸ்.

நான் என் தாளை எழுதினேன். ‘படத்தில் இருப்பவரை நான் தவறாக அடையாளம் கண்டுவிட்டேன். வருந்துகிறேன்.’ இரண்டாவது வாக்கியம் உண்மை.

கீழே கடைத்தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். தாஸ் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். என் அம்மாவுக்குப் புடவை வாங்கினேனா என்று கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஓட்டுநரிடம், எந்தெந்தத் தெரு அடைத்திருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்ததும் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஊருக்கு வந்து அதை எழுதி அனுப்பினேன். ‘பரவால்ல மேடம், டீம் எப்டி ஆடுது?’ என்று பதில் வந்தது.

இன்றைய நிலை இது. தாஸின் விண்ணப்பம் ‘தகுதி முழுமையாக இல்லை’ என்ற குறிப்போடு மூடப்பட்டது. சென்னைச் சங்கத்தின் பதிவில் அந்தப் படத்துக்குக் கீழே ரகுராமன் என்றே இருக்கிறது. அதைத் திருத்தக் கேட்டவர் தன் தவற்றை ஒப்புக்கொண்டார் என்ற குறிப்பும் என் பெயரோடு இருக்கிறது. ரகுராமன் வேலைக்குப் போய்வருகிறார். தாஸுக்குப் பள்ளி இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. விதியில் மூன்றை இரண்டாக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் அணி இந்த சீசனைப் பயிற்சியாளர் இல்லாமல் ஆடுகிறது.